சிமுலேட்டர் ஓட்டினவன் நிஜ பிளைட்டை இறக்கிடுவானா?

கேள்வி: ரெண்டு பைலட்டும் மயங்கிட்டாங்கன்னு வச்சுக்குவோம். வீட்டு கம்ப்யூட்டர்ல ஏ320 (ஏர்பஸ் பயணிகள் ஜெட்) ஓட்டிப் பழகின ஒருத்தன் சீட்ல உக்காந்தா நிஜமாவே இறக்கிடுவானா, இல்ல சும்மா பீலாவா?

பதில்: முதல்ல காக்பிட் கதவை யாருங்க தொறப்பா? கேபின் க்ரூகிட்ட கதவோட ரகசிய நம்பர் இருந்தாதான் உண்டு 😄

பதில்: கையால இறக்கறது ரொம்ப கஷ்டம். ஆனா எந்த சுவிட்ச் எங்கன்னு தெரியும்ல, அதுவே பாதி உசுரு. 121.5ங்கற அவசர ரேடியோ அலைவரிசைல கூப்பிட்டா கேக்க ஆள் இருக்கும், ஒரு பைலட்டைப் பிடிச்சு லைன்ல உக்கார வச்சிடுவாங்க, அவர் சொல்லச் சொல்ல ஐஎல்எஸ் (இறங்க வழிகாட்டற ரேடியோ சிக்னல்) இருக்கற ரன்வேக்கு ஆட்டோலேண்ட் (பிளைட் தானா இறங்கற வசதி) செட் பண்ணி, பிளாப்பும் (றெக்கைல நீட்டற பலகை) கியரும் (சக்கரம்) நேரத்துக்கு போட்டா மிச்சத்த பிளைட்டே பாத்துக்கும். தரைகிட்ட "ரிடார்ட்"னு குரல் வரும், அப்ப த்ரஸ்ட் லீவரை (இன்ஜின் வேகத்த கூட்டிக் குறைக்கற கைப்பிடி) ஐடிலுக்கு, அதாவது குறைஞ்சபட்சத்துக்கு இழுக்கணும், இழுக்கலேன்னா தரையத் தொட்டப்புறம் ஸ்பாய்லர் (றெக்கை மேல எழும்பி வேகத்த குறைக்கற பலகை) எந்திரிக்காது.

பதில்: 2022ல புளோரிடால பறக்கவே தெரியாத ஒரு பயணி தரைலேர்ந்து வழி சொல்ற ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் பேச்ச கேட்டு பாம் பீச்ல இறக்கினாரே. ஆனா அது சின்ன செஸ்னா.

பதில்: ஏர்லைன் சிமுலேட்டரும் வீட்டு ஜாய்ஸ்டிக்கும் ஒண்ணு இல்லைங்க. அந்த பெரிய சிமுலேட்டர்லயே டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகைய ஓட்டற தகுதி) முடிச்சிட்டு நேரா பயணிகளோட பறக்கறவங்களும் உண்டு, ஆனா அவங்க ஏற்கெனவே நிஜமா பறந்தவங்க. வீட்ல பழகினவன் மாட்டறது ஃப்ளேர்லதான், அதாவது தரையத் தொடறதுக்கு முன்னாடி சுமார் 30 அடில மூக்க தூக்கணும், அந்த உயரம் மானிட்டர்ல பிடிபடாது, இதுல குறுக்க காத்து வேற அடிச்சா சாமிதான் காப்பாத்தணும்.