கங்கைப் பாலத்தடியில் நிற்பது பம்பாஸும் இல்லை, ஒன்றும் இல்லை

உப்புவெளி நாற்றுமேடை: நேற்று ஒருவர் இங்கே படம் போட்டிருந்தார். மூதூர் போகிற வழியில் மகாவலி ஆற்றுக் கங்கைப் பாலத்தடியில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்பது பம்பாஸ் புல்லாம், வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டதாம், வெட்டிக் காயவைத்தால் கல்யாண மேடைக்காரர் வாங்குவார்களாம். வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அது நாணல். பம்பாஸ் தென்னமெரிக்காப் புல், ஆர்ஜென்டினா, உருகுவே பக்கம்தான் அதற்கு ஊர். ஒரே தூராகக் குந்தி நிற்கும், இலையெல்லாம் அடியிலிருந்து எழும்பி வளைந்து விழும். நம்முடையது கரும்பு மாதிரி தண்டில் மேல்வரை கணுக் கணுவாக இலை விட்டு, மண்ணுக்குள்ளே கிழங்கு ஓடி, கரை முழுக்கப் பரவுகிறது. இருபது வருடமாக நாற்று விற்கிறவன் சொல்கிறேன்.

கிண்ணியாக் கரை: படம் போட்டவன் நான்தான், பெயர் சொல்லியே பேசலாம் அண்ணன். நாலு பூ முறித்தேன், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை கீறல், தண்ணீர் பட்டால் இன்னும் எரிகிறது. பம்பாஸ் இலை கையை அறுக்கும். ஸ்பானிய மொழியில் அதற்கு வைத்த பெயரே 'அறுப்பது' என்பதுதான். என் கையை அறுத்திருக்கிறது. வேறென்ன வேண்டும்?

உப்புவெளி நாற்றுமேடை: நாணலும் அறுக்கும் தம்பி. இலுக்குப் புல்லும் அறுக்கும், கினியாப் புல்லும் அறுக்கும், கரும்புத் தோகைக்குள் வெறும் மேலோடு போய்ப் பாருங்கள். இலை ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பல் இருக்கிறது, அவ்வளவுதான். கணுவைப் பாருங்கள்.

கிண்ணியாக் கரை: இப்படி அறுக்காது.

மூதூர்ப் பிள்ளை: பாலம் கட்ட முதல் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்தவர்கள் நாங்கள். அப்போதே இந்தப் பூ நின்றது, வாப்பா நாணல் என்றுதான் சொல்வார். வெள்ளைக்காரன் நட்டான் என்பதை எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள் நானா?

கிண்ணியாக் கரை: பாதையில் போனது நீங்கள் மட்டுமா? 2009இல் எங்கள் பாலம் திறக்கும் வரை பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு நாங்களும் பாதைக்குத்தான் காத்துக் கிடந்தோம். மூதூர்க்காரர் மட்டும் கஷ்டப்பட்ட மாதிரி எழுத வேண்டாம்.

தம்பலகாமம் வயல்: இரண்டும் இல்லை. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை மூடிய பிறகு கவனிப்பார் இல்லாமல் காடாய்ப் போன கரும்பு அது. வெள்ளத்தில் அடித்துவந்து முளைத்திருக்கும்.

உப்புவெளி நாற்றுமேடை: ஐயோ, தலைகீழாகச் சொல்கிறீர்கள். நாணலிலிருந்து கரும்பு வந்தது என்றாலும் பாதி சரி. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் நல்ல கரும்போடு இந்த நாணலைக் கலந்துதான் கோ 205 என்ற ரகத்தை எடுத்தார்கள், 1918இல் வெளிவந்தது. இந்தப் புல்லின் பலம் அதற்குள் போனது. அப்பேர்ப்பட்ட சொந்தப் புல்லுக்கு அந்நியப் பெயர் வைக்கிறார்களே என்றுதான் எனக்குக் கோபம். வேர் பிடித்துக் கரையை நிறுத்தி வைத்திருக்கிறது, அதைப் போய் வெட்டி விற்கச் சொல்கிறார்கள்.

தம்பலகாமம் வயல்: சரி, கோயம்புத்தூர்க் கதை எங்களுக்கு எதற்கு. வெட்டிவேர் என்று இலுக்குத் தூரை என் தலையில் கட்டியவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

உப்புவெளி நாற்றுமேடை: அது வெட்டிவேர்தான். நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை.

மேடை அலங்காரம்: இந்தத் தொழில் செய்கிறவள் என்பதால் ஒன்று சொல்லட்டுமா. கொழும்பிலிருந்து வருகிற பம்பாஸ் பூ தடிப்பு, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆற்றங்கரைப் பூவைப் போன மாதம் ஒருவர் கட்டுக் கட்டாகத் தந்தார். மேடையில் கட்டி மின்விசிறியைப் போட்டதுதான் தாமதம், காம்பு காம்பாக ஒடிந்து பஞ்செல்லாம் பெண்ணின் கூறையில் ஒட்டிக்கொண்டது. மூன்று பேர் உட்கார்ந்து பொறுக்கினோம். தாய்க்காரி ஒரு வார்த்தை பேசவில்லை, மிச்சக் காசும் தரவில்லை.

கிண்ணியாக் கரை: முற்றிய பூவை வாங்கினால் உதிரத்தான் செய்யும் அக்கா. விரிய முதல் வெட்ட வேண்டும். அதை வெட்டும்போது கை அறுத்ததா, கேட்டீர்களா?

மூதூர்ப் பிள்ளை: கட்டுக் கட்டாகக் கொடுத்த ஆள் யார் என்று இப்போது விளங்குகிறது.

கிண்ணியாக் கரை: நான் கொடுக்கவில்லை. யாரென்று தெரியாமல் வாய்க்கு வந்ததை எழுத வேண்டாம்.

உப்புவெளி நாற்றுமேடை: இன்னொன்றும் கேளுங்கள். நியூசிலாந்தில் பம்பாஸை விற்கவும் நடவும் தடை, கலிபோர்னியாவில் கடற்கரையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஒரு பூவிலிருந்து ஆயிரக்கணக்கில் விதை பறக்கும். உங்கள் படத்தை நம்பி யாராவது வெளியிலிருந்து விதை எடுத்து மகாவலிக் கரையில் போட்டால் என்ன ஆகும்? நாணல் என்று திருத்தி எழுதுங்கள், கேட்பது அவ்வளவுதான்.

கிண்ணியாக் கரை: திருத்த மாட்டேன். நாளைக்கு விடிய மறுபடி பாலத்தடிக்குப் போகிறேன், கையுறை போடாமல். அறுத்தால் பம்பாஸ்.

உப்புவெளி நாற்றுமேடை: அறுக்கும். கணுவையும் சேர்த்துப் படம் எடுத்து வாருங்கள்.