ஓடிடி படத்துக்குத் தேசிய விருது கிடையாதாமே!

கடைசிவரிசை:
நேற்று ஒரு விமர்சனக் காணொளி பார்த்தேன். 2021 படங்களுக்கான 69ஆவது தேசிய விருதில் ‘ஜெய் பீம்’ வெறுங்கையோடு நின்றதற்குக் காரணம் சொல்கிறார்கள்: ஓடிடியில் மட்டும் வந்த படமாம், அதனால் போட்டியிலேயே இல்லையாம். கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வருட விருதில் ‘சூரரைப் போற்று’ 5 விருது வாங்கியதே, அது எந்தத் தியேட்டரில் ஓடியது? அமேசான் பிரைமில்தானே வந்தது? சிறந்த படம், சூர்யா, அபர்ணா பாலமுரளி, திரைக்கதை, ஜி.வி.பிரகாஷின் பின்னணி இசை. அப்போது ஓடிடி கண்ணுக்குத் தெரியவில்லையா?

புரொஜக்டர்:
2020 கொரோனா வருடம் சார். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். 2021 தீபாவளிக்குத் தியேட்டர் திறந்துதான் இருந்தது. ‘அண்ணாத்த’ வரவில்லையா? ‘ஜெய் பீம்’ அதற்கு இரண்டு நாள் முன்னால் பிரைமில் வந்தது. தியேட்டர் இருந்தும் வராத படத்துக்கு எதற்கு விருது?

கடைசிவரிசை:
சரி, 2020ஐ விடுங்கள். அதே 69ஆவது விருதுக்கே வருகிறேன். ‘சர்தார் உத்தம்’ பிரைமில் மட்டும் வந்த படம். சிறந்த இந்திப் படம் உட்பட 5 விருது. ‘மிமி’யும் ஓடிடிதான். கிருத்தி சனோன் சிறந்த நடிகை, பங்கஜ் திரிபாதி துணை நடிகர். அப்புறம் ‘ராக்கெட்ரி’. 2022 ஜூலையில் தியேட்டருக்கு வந்த படம் 2021க்கான சிறந்த பட விருதை எப்படி வாங்கியது? அவர்கள் பார்ப்பது தணிக்கைச் சான்றிதழின் தேதியை. எங்கே ஓடியது என்பதை இல்லை. இதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

புரொஜக்டர்:
பார்த்தீர்களா, எல்லாம் இந்திப் படம். இந்திக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கடைசிவரிசை:
இல்லை. நீங்கள் சொன்னது ஓடிடி. மேலே அப்படியே இருக்கிறது.

இடைவேளை:
நடிப்பைப் பற்றிப் பேச யாருமே இல்லையா? போன வாரம்தான் ‘புஷ்பா’வை மறுபடி பார்த்தேன். ஒரு தோளைத் தூக்கியவர் படம் முடியும்வரை இறக்கவில்லை. பார்த்த எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சிறந்த நடிகர் தேசிய விருது வாங்கிய முதல் தெலுங்கு நடிகர் அல்லு அர்ஜுன். சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

கடைசிவரிசை:
தோள்பட்டைக்குத்தான் விருது என்றால் எலும்பு டாக்டரை நடுவராகப் போட்டிருக்கலாம். ‘ஜெய் பீம்’மில் செங்கேணியைப் போலீஸ் ஜீப்பில் கொண்டுபோய் விடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வரும். அவள் ஏற மாட்டாள். நிறைமாத வயிற்றோடு முன்னால் நடப்பாள், ஜீப் பின்னால் ஊர்ந்து வரும். செங்கேணியாக நடித்த லிஜோமோளுக்கு அங்கே வசனம் வேண்டியிருக்கவில்லை. அவள் கணவனாக நடித்த மணிகண்டனைப் பற்றி ஆரம்பித்தால் விடிந்துவிடும். சரி, பேச்சை மாற்றாதீர்கள். ‘சர்தார் உத்தம்’ ஓடிடியா, இல்லையா?

பழையரீல்:
தம்பிகளா, சிறந்த நடிகர் விருதைப் பற்றி நீங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சிவாஜிக்குக் கட்டபொம்மனுக்காகக் கெய்ரோவில் கூப்பிட்டுச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள், 1960இல். டெல்லி கடைசிவரை நடிகர் திலகத்துக்குச் சிறந்த நடிகர் விருது கொடுக்கவில்லை. ஆனால் ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆருக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கே அந்த விருதின் மேல் எனக்கு மரியாதை போய்விட்டது.

இடைவேளை:
ஐயா வந்துவிட்டார். இனி 1971இலிருந்து வெளியே வர முடியாது.

பழையரீல்:
வராவிட்டால் என்ன நஷ்டம்? வாத்தியார் ரசிகர்களுக்கு இன்றைக்கும் பதில் இல்லை.

புரொஜக்டர்:
கடைசிவரிசை, அடுத்தவரைத் திருத்தும் முன் ஒன்று. ‘ஆடுகளம்’ தனுஷ் தனியாக வாங்கிய விருது என்று அன்றைக்குச் சத்தியம் செய்தவர்தானே நீங்கள்? சலீம் குமாரோடு பகிர்ந்தது. இன்னும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

கடைசிவரிசை:
பகிர்ந்தால் விருது பாதியாகிவிடுமா? ‘அசுரன்’ விருதும் மனோஜ் பாஜ்பாயோடு பகிர்ந்ததுதான். சூர்யாவும் அஜய் தேவ்கனோடு பகிர்ந்தார். அதனால் என்ன குறைந்தது? அந்தப் பழைய கதையை இங்கே இழுப்பதிலேயே தெரிகிறது, கையில் சரக்கு இல்லை என்று. சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ஓடிடிதான் தடை என்றால், 2021 ஏப்ரலில் தியேட்டரில் ஓடிய ‘கர்ணன்’ ஏன் ஒன்றுமே வாங்கவில்லை?

புரொஜக்டர்:
‘கர்ணன்’ எனக்கே பிடிக்கவில்லை.

பழையரீல்:
என்ன சொன்னீர்கள்? ‘கர்ணன்’ பிடிக்கவில்லையா? சிவாஜி அந்தத் தேரோடு சாய்ந்து கிடக்கும் காட்சியைப் பார்த்துவிட்டுமா?

இடைவேளை:
ஐயா, அது 1964. இவர்கள் பேசுவது மாரி செல்வராஜ் படம்.

பழையரீல்:
எந்தக் கர்ணனாக இருந்தாலும் பேச்சில் மரியாதை வேண்டும்.

இடைவேளை:
அந்த வருடம் சிறந்த தமிழ்ப் படம் ‘கடைசி விவசாயி’. அதில் நடித்த நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. அதைப் பற்றி இதுவரை ஒருவர் வாய் திறந்தீர்களா?

கடைசிவரிசை:
நல்ல படம், தனியாகப் பேசுவோம். புரொஜக்டர், நாலாவது முறை கேட்கிறேன். ‘சர்தார் உத்தம்’ ஓடிடியா, தியேட்டரா? ஒரே வார்த்தை போதும்.

புரொஜக்டர்:
நான் அந்தப் படத்தையே பார்க்கவில்லை. பார்க்காத படத்தைப் பற்றிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

கடைசிவரிசை:
பிரைமில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.