பேட்டரி கரண்ட் சென்சார்தான் பழுதா? உறுதி செய்ய உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக என் காரில் பேட்டரி விளக்கு விட்டு விட்டு எரிகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் முதலில் 14.4 வோல்ட், கொஞ்ச நேரத்தில் 12.4க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் பேட்டரிக்குள் எவ்வளவு கரண்ட் போகிறது, வருகிறது என்று அளக்க நெகட்டிவ் கேபிளில் உள்ள கரண்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் 14க்கு மேல் நிலையாக நிற்கிறது. சென்சார் தகவல் வராவிட்டால் காரின் கணினி ஒரு நிலையான வோல்டேஜுக்குப் போய்விடும் என்றுதான் நினைக்கிறேன், அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் நன்றாகத்தானே இருக்கிறது?

சரி, சென்சாரையே சோதித்தேன். மூன்று வயர், ஹால் வகை (காந்தப்புலத்தை வைத்து கரண்டை அளப்பது). 5 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரி. கரண்ட் ஏறக்குறைய ஓடாதபோது சிக்னல் வயரில் 2.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், எனக்கு 3.1 இருக்கிறது. இன்ஜின் அணைந்திருக்கும்போதே, கணினியின் தகவலைப் படிக்கும் ஸ்கேனர் 18 ஆம்பியர் சார்ஜ் ஏறுவதாகக் காட்டுகிறது! அதே கேபிளில் கிளாம்ப் மீட்டர் (கேபிளைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளப்பது) போட்டால் சில ஆம்பியர் வெளியேதான் போகிறது. ஹெட்லைட் போட்டால் இரண்டும் ஒரே அளவு இறங்குகின்றன, இடைவெளி மட்டும் மாறவே இல்லை.

பேட்டரி ஏறிக்கொண்டிருக்கிறது என்று நம்பி கணினி வோல்டேஜைக் குறைக்கிறது, அதுதான் என் சந்தேகம். சிக்னல் வயரில் வேறு வயர் உரசினாலும் இப்படி நிலையான பிழை வருமா? புதிய சென்சார் போட்டால் ஸ்கேனரில் ஏதாவது ரீசெட் செய்ய வேண்டுமா? அப்புறம், ஆம்ப்ளிஃபயர் எர்த்தை நேராக பேட்டரி முனையில் மாட்டியிருக்கிறார்கள், ஆம்ப்ளிஃபயர் எடுக்கும் கரண்ட் இந்த சென்சார் வழியாகப் போகாதே, அதையும் பாடிக்கு மாற்றிவிடவா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.