பால் பாய்மருக்கு மனம் மரத்துவிட்டதா?

கரிசல்காடு:
ரெமார்க்கின் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ (1929) நாவலை மறுபடி படித்தேன். முதல் உலகப்போர், பள்ளியிலிருந்து நேரே களத்துக்குப் போன ஜெர்மன் பையன் பால் பாய்மர். விடுப்பில் ஊருக்கு வரும்போதே அவன் மனம் செத்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. இறந்துபோன நண்பன் கெம்மெரிக்கின் அம்மாவிடம் உடனே உயிர் போய்விட்டது, வலியே இல்லை என்கிறான். அவள் நம்பாமல், பொய்யென்றால் நீயும் உயிரோடு திரும்பக் கூடாது, சம்மதமா என்று கேட்கிறாள். சத்தியம் செய்துவிடுகிறான். இத்தனை பேர் செத்த இடத்தில் ஒருவனுக்காக இவ்வளவு அழுகையா என்று உள்ளுக்குள் நினைப்பு வேறு. உணர்ச்சி இருக்கிறவன் செய்கிற காரியமா இது?

மழைக்காகம்:
கெம்மெரிக் எப்படிச் செத்தான் என்பதை மறந்துவிட்டீர்கள். காலை வெட்டி எடுத்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில், சத்தமில்லாமல் அழுதபடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனான், பக்கத்தில் இருந்தவன் பால், டாக்டரைத் தேடி ஓடினால் அவர் இன்று மட்டும் ஐந்து கால் வெட்டினேன், எனக்கு எப்படித் தெரியும் என்கிறார். இதையா பெற்றவளிடம் சொல்வது? தன் உயிரையே பணயம் வைத்து ஒரு பொய். அது இரக்கம்.

கரிசல்காடு:
சரி, டுவால்? குண்டுக்குழியில் தன் கையால் குத்திய பிரெஞ்சுக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்து, கட்டுப்போட்டு, அவன் செத்ததும் உன் மனைவிக்கு எழுதுவேன் என்று புலம்புகிறான். திரும்பி வந்ததும் அது வெறும் உளறல், போர் என்றால் போர்தான் என்கிறான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

திண்ணை:
நடுவில் ஒன்று. விடுப்பின் கடைசி இரவைப் பாருங்கள். நோயாளி அம்மா கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள், இவன் தூங்குவதுபோல் கிடக்கிறான். அவள் போனதும் தலையணையைக் கடிக்கிறான், கட்டிலின் இரும்புக் கம்பியை இறுகப் பிடிக்கிறான், வந்திருக்கவே கூடாது என்கிறான். மரத்தவனுக்கு எதற்குத் தலையணை?

கரிசல்காடு:
அந்த இடம் எனக்கும் வலித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு மிச்சமிருந்ததும் போய்விடுகிறது. 1918 அக்டோபரில் சாகும்போது முகத்தில் கிட்டத்தட்ட நிம்மதி. சாவை வரவேற்கிற அளவுக்கு வெறுமை.

மழைக்காகம்:
வெறுமை இல்லை, தாங்க முடியாத களைப்பு. அதற்குச் சற்று முன்னால்தான் படைத்தோழர் காட் சாகிறார், நாற்பது வயது, இவனுக்கு மிஞ்சிய ஒரே ஆள். காலில் அடிபட்டவரை முதுகில் சுமந்துகொண்டு முதலுதவி நிலையம் வரை வருகிறான். வழியிலேயே ஒரு குண்டுச் சில்லு தலையில் பாய்ந்து அவர் செத்துவிட்டது இவனுக்குத் தெரியாது. இப்போதுதானே பேசினார், மயக்கம்தான் என்று வாதாடுகிறான். உனக்கு உறவா என்று கேட்கிறான் அங்கிருந்த ஊழியன். இல்லை என்கிறான் பால். டுவாலை உளறல் என்று தள்ளிவைத்ததும் இந்த ‘இல்லை’யும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன, ஏனென்றால் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவனால் அங்கே நின்றிருக்கவே முடியாது.