ஸ்விம் பிளாட்ஃபார்ம் ஆடுகிறதா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

சிம்கோ_படகு எழுதியது:

கனடாவில் லேக் சிம்கோ, 24 அடி ஸ்டெர்ன்டிரைவ் படகு (இஞ்சின் உள்ளே, சுழலி என்கிற ப்ரொப்பெல்லர் பின்னால் வெளியே), 90களின் மாடல். நீந்துகிறவர்கள் ஏறி இறங்கப் பின்னால் இருக்கும் பிளாட்ஃபார்ம் லேசாக ஆடுகிறது என்று மரீனாவில் சொன்னேன். போல்ட்டை இறுக்கினால் போதும் என்று இறுக்கியும் கொடுத்தார்கள். அடுத்த வருடம் மறுபடி ஆட்டம், மறுபடி இறுக்கினார்கள்.

ஆகஸ்ட் மாதம், மச்சான் நீந்திவிட்டு ஏணியில் ஏறி மேலே கால் வைத்தார். டக் என்று ஒரு சத்தம். வலதுபக்க பிராக்கெட்டின் மேல் போல்ட் டிரான்சத்தை (ஃபைபர்கிளாஸுக்குள் பிளைவுட் வைத்த படகின் பின்சுவர்) விட்டு ஓர் அங்குலம் வெளியே வந்து நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஓட்டையிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வழியத் தொடங்கியது, நிற்கவே இல்லை. கிட்டப் போனால் அழுகிய மர வாடை. போல்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அது பிடித்துக்கொண்டிருந்த பிளைவுட்தான் உள்ளே மட்கிப் போயிருந்தது, விரலால் பிய்த்தால் கையோடு வந்தது. இறுக்க இறுக்க வாஷர் அந்த மரத்துக்குள் புதைந்துகொண்டே போயிருக்கிறது. இஞ்சின் அறைக்குள் குனிந்து உள்பக்கத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

டாம்பா_கடல் எழுதியது:

எனக்கு உப்புத் தண்ணீர், கதை வேறு. மரம் நன்றாக இருந்தது, போல்ட்தான் போய்விட்டது. கழற்ற ஸ்பேனரை வைத்துக் கொஞ்சம் திருப்பினேன், கையிலேயே முறிந்தது. வெளியே தலை பளபளவென்று இருக்கிறது, டிரான்சத்துக்குள் இருந்த பகுதி பென்சில் முனை அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் காற்றுப் பட வேண்டும். காற்றுப் படாமல் ஈரத்திலேயே அடைந்து கிடந்தால் கடலுக்கென்றே வாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ்கூட அரித்துப்போகும்.

சிம்கோ அண்ணா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் பிளாஸ்டிக் சுத்தியால் டிரான்சம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்கும் இடத்தில் மரம் போய்விட்டது. எதுவரை மொத்தென்று கேட்கிறதோ அதுவரை பென்சிலால் கோடு போடுங்கள். சின்ன வட்டம் என்றால் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, ஈர மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஃபில்லர் கலந்த எபாக்சியால் நிரப்புங்கள். இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட்டுக்கு அளவாகத் துளை போடுங்கள். இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாகச் செதுக்கினால் சீலன்ட் அங்கே வளையம் போல் நிற்கும். உள்பக்கம் வெறும் வாஷர் வேண்டாம், பிளேட் வையுங்கள். பிளாட்ஃபார்ம் ஓரத்தில் ஆள் நின்றால் கீழ்ப்பக்கம் டிரான்சத்தை அழுத்தும், மேல் போல்ட் வெளியே இழுபடும். உங்களுக்கு மேல் போல்ட் வந்ததும் அதனால்தான். அப்புறம் ஒன்று, யார் சொன்னாலும் 5200 என்கிற சீலன்ட் மட்டும் போடாதீர்கள், ஒட்டினால் கழற்றுவது பெரும்பாடு. பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) போதும்.

ஜார்ஜியன்_பே எழுதியது:

டாம்பா நண்பரே, 5200 பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. பிளாட்ஃபார்ம் பிராக்கெட்டின் கீழ்த் துளைகள் பல படகுகளில் தண்ணீர் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும். அங்கே பியூட்டைலை நம்பி நான் படகை இறக்க மாட்டேன். நாளைக்குக் கழற்ற வேண்டியிருக்கும் என்றால், அதைவிடப் பிடி குறைந்த சீலன்ட் 4200 இருக்கிறதே.

இன்னொன்று, உப்புத் தண்ணீரில் இருப்பவர்கள் மரம் அழுகுவதைக் குறைத்து எடைபோடுகிறார்கள். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது, நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். அதோடு எங்கள் குளிர்காலமும் சேர்ந்துகொள்கிறது. உள்ளே புகுந்த ஈரம் உறைந்து விரிந்து, ஃபைபர்கிளாஸையும் மரத்தையும் பிரித்துவிடும். போன ஏப்ரலில் தார்ப்பாயை எடுத்தபோது என் டிரான்சத்தில், பிராக்கெட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு உப்பியிருந்தது. இலையுதிர் காலத்தில் அந்த இடம் சமமாக இருந்தது, என்னிடம் படம் இருக்கிறது. ஒரே குளிர்காலத்தின் வேலை.

ஆஸ்டின்_அம்மா எழுதியது:

ரிப்பேர் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் புதிதாக மாற்றுகிறவர்கள் எல்லோரும் பழையதைவிட நீளமானதைத்தான் போடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

லேக் டிராவிஸில் தெரிந்தவர் படகு. புது பிளாட்ஃபார்ம், நல்ல அகலம், பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஓடட்டும் என்று இஞ்சினை அணைக்கவில்லை. என் மகள் "அம்மா, தலை வலிக்குது" என்றாள். வெயில் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கவாட்டில் சரிகிறாள், கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. முன்பக்கம் தூக்கிக்கொண்டு போய்க் காற்றில் கிடத்தினோம், கொஞ்ச நேரத்தில் அழுதாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு கார்பன் மோனாக்சைடு என்றார்கள். புகை கண்ணுக்குத் தெரியவில்லை, திறந்தவெளி, காற்றும் இருந்தது. ஆனாலும் படகின் பின்னால் அது தேங்கும்.

2000 ஆகஸ்டில் லேக் பவலில், ஹவுஸ்போட்டின் பிளாட்ஃபார்முக்கு அடியில் இருந்த இடைவெளிக்குள் நீந்திப்போன அண்ணன் தம்பி இருவர் இறந்தார்கள். இஞ்சின் ஓடும்போது பிளாட்ஃபார்மைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இழுபட்டு வருவதைக் கலிபோர்னியாவில் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள். பிளாட்ஃபார்மில் ஆள் இருந்தால் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். சுழலி வேறு அங்கேதான் இருக்கிறது.

டாம்பா_கடல் எழுதியது:

அம்மா சொன்னது முக்கியம். அதற்குத் தனி இழை தொடங்கினால் இன்னும் நிறையப் பேர் படிப்பார்கள்.

ஜார்ஜியன் நண்பரே, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பியூட்டைல் என்று நான் சொல்லவில்லை. என் பிராக்கெட் முழுக்க மேலேதான் இருக்கிறது. 4200 சரி.

சிம்கோ_படகு எழுதியது:

தட்டிப் பார்த்தேன். வலதுபக்கம் பாதி டிரான்சம் மொத்தென்றுதான் கேட்கிறது, ஓட்டையை நிரப்பும் கட்டம் தாண்டிவிட்டது. இஞ்சினை வெளியே எடுத்து, உள்பக்க ஃபைபர்கிளாஸை வெட்டி, மரத்தை மாற்றப் போகிறோம். இந்த முறை வேறு ஆளிடம் கொடுத்திருக்கிறேன். அவர் வந்ததும் முதல் வேலையாக டார்ச்சை எடுத்துக்கொண்டு இஞ்சின் அறைக்குள் இறங்கினார்.

ஆஸ்டின் அக்கா, நீளமான பிளாட்ஃபார்ம் ஆர்டர் கொடுத்திருந்தேன். பழைய அளவுக்கே மாற்றச் சொல்லிவிட்டேன்.