மறுமொழி: ‘ரெஸ்டோமாட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். பழைய காரைச் சீராக்கி மீட்பதோடு பிற்கால நுட்பத்தையும் சேர்க்கும் வேலையை ஆங்கிலத்தில் ரெஸ்டோமாட் என்கிறார்கள். அதற்கு என் பரிந்துரை ‘மீட்டாக்கம்’. காரணத்தைச் சொல்வதற்கு முன், அந்தச் சொல் எந்த வேலையைக் குறிக்க வேண்டும் என்பதை ஒரு காரை வைத்தே பார்த்துவிடலாம்.

நான் இப்போது வேலை செய்துகொண்டிருப்பது 1965-ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு இருக்கை, 1798 சிசி இன்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். இதில் நிலையான கூரை கிடையாது. அதனால் உடல் வளையாமல் நிற்பதற்கான வலு பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ பெட்டிகளில்தான் இருக்கிறது. துரு முதலில் கைவைப்பதும் அங்கேதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். திருப்புளி முனையை வைத்து அழுத்தினால் பட்டி உதிர்ந்து முனை உள்ளே இறங்கிவிடும். அந்தச் சில்லை வெட்டி எடுப்பதற்கு முன்பே கதவுத் திறப்பின் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தை வெல்டு செய்துகொள்ள வேண்டும். செய்யாவிட்டால் உடல் நடுவில் தொய்யும். அந்தத் தொய்வோடேயே புதுச் சில்லையும் பற்றவைத்துவிட்டால், அப்புறம் கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தாது. கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வெல்டிங் தையலுக்கும் பிறகு பார்த்துக்கொண்டே போக வேண்டும். இவ்வளவு பாடும், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்பத்தான். இதில் புதிதாக எதுவும் சேரவில்லை. இது மீட்பு.

அதே காரில் இன்னொரு வேலையும் நடக்கிறது. இந்த மாடல் பாசிட்டிவ் எர்த் கொண்டது: பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். மின்சாரம் கொடுப்பது டைனமோ. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். காரின் மொத்த வயரிங்குக்கும் இரண்டே பியூஸ். இரவு மழையில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் விசிறி மூன்றையும் போட்டுவிட்டு இன்ஜினை ஐடிலில் நிறுத்தினால் டைனமோவால் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே ஐடிலிலும் போதிய மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் வருகிறது. அதற்காக எர்த் நெகட்டிவாக மாறுகிறது. இக்னிஷன் காயிலின் முனைகள் இடம் மாறுகின்றன. பியூஸ் பெட்டி பெரிதாகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் 0.015 அங்குல இடைவெளிக்குத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்த, தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயின்ட் என்ற தொடுமுனைக்குப் பதிலாக ஒரு சிறு எலெக்ட்ரானிக் தொகுதி உட்கார்ந்துகொள்கிறது. மூடியைப் போட்டுவிட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (பற்சக்கரங்கள் உரசாமல் கியர் மாற உதவும் அமைப்பு) இல்லாத நாலு கியர் பெட்டி போய் ஐந்து கியர் பெட்டி வருகிறது. இவை எதுவும் 1965-இல் இந்தக் காரில் இருந்ததில்லை. இது மீட்பு ஆகாது, ஆக்கம்.

ரெஸ்டோமாட் என்ற சொல் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நமக்கு வந்த பரிந்துரைகளை இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன்.

> ‘மறுசீரமைப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதுவே போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். அது முதல் பாதியைச் சொல்கிறது. இரண்டாம் பாதியை மறைத்துவிடுகிறது. மறுசீரமைத்த கார் என்று நம்பி வாங்குகிறவர் இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்து வேறொரு இன்ஜினைக் கண்டால் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். அவர் நினைப்பதில் தவறும் இல்லை.

> ‘மீள்மேம்பாடு’ எளிமையாக இருக்கிறது.

கேட்க இனிமைதான். ஆனால் படிப்பவருக்கு ‘மறுபடியும் மேம்படுத்துதல்’ என்றே பொருள்படும். மீட்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

> ‘மீட்டுயர்த்தல்’ எப்படி?

என் சொல்லுக்கு மிக அருகில் வருவது இதுதான். இதை அனுப்பியவருக்கு நன்றி. நான் யோசிக்கத் தொடங்கியதே இதிலிருந்துதான். ஒரே ஒரு தடை: கார் வேலையில் உயர்த்துவது என்றால் உடலைத் தரையிலிருந்து தூக்குவது என்று ஏற்கெனவே பொருள் இருக்கிறது. 1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காக எம்ஜிபிக்குக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, உடலையும் உயர்த்தினார்கள். கார் திருப்பங்களில் முன்னைவிட அதிகமாகச் சாயத் தொடங்கியது. அந்தக் கார்களை வாங்கியவர்கள் இன்றுவரை செய்கிற முதல் மேம்பாடே அதைத் தாழ்த்துவதுதான். ஸ்போர்ட்ஸ் கார்க்காரரிடம் ‘உயர்த்தினேன்’ என்றால் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

> பேசாமல் ரெஸ்டோமாட் என்றே எழுதிவிடலாமே.

ஆல்டர்நேட்டரை ஆல்டர்நேட்டர் என்றே எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது ஒரு பொருளின் பெயர். ரெஸ்டோமாட் அப்படியல்ல, ஒரு செயலின் பெயர். அதிலிருந்து தமிழில் வினை வராது. ‘ரெஸ்டோமாட் பண்ணினேன்’ என்றுதான் ஒட்ட வேண்டும். மீட்டாக்கு, மீட்டாக்கினேன், மீட்டாக்கிய கார், மீட்டாக்குநர் என்று நம் சொல் தானாகவே கிளைவிடுகிறது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் காரணம். ‘மீட்டு’ என்பது இறந்தகால வினையெச்சம். ‘குளித்துச் சாப்பிட்டான்’ என்றால் முதலில் எது, அடுத்து எது என்று விளக்க வேண்டியதில்லை. மீட்டு + ஆக்கம் என்னும்போதும் மீட்பு முடிந்த பிறகே ஆக்கம் என்று இலக்கணமே சொல்லிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லில் இந்த வரிசை இல்லை. ரெஸ்டோரேஷன், மாடிஃபிகேஷன் என்ற இரண்டு சொற்களை நறுக்கி ஒட்டியதோடு சரி. வேலையிலோ வரிசைதான் எல்லாம். துருப்பிடித்த சில் மீது கூடுதல் குதிரைத்திறனை ஏற்றுவது ஆபத்து. பழைய பிரேக் குழாய்களையும் தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்களையும் சரிசெய்யாமல் வேகத்தைக் கூட்டுவதும் அப்படியே. தவிர, மீட்காமல் மேம்படுத்தினால் எந்தக் குறை பழையது, எந்தக் குறை நாம் கொண்டுவந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் காரணம் வளைந்த உடலா, புதிதாகப் போட்ட ஷாக் அப்சார்பரா? மீட்டு முடித்த காரை ஒருமுறை அப்படியே ஓட்டிப் பார்த்தவருக்கு விடை தெரியும்.

‘ஆக்கம்’ வெறும் செய்தலை மட்டும் குறிப்பதல்ல. வளம், மேன்மை என்ற பொருளும் அதற்குப் பழங்காலம் தொட்டே உண்டு. மேம்பாடு என்று தனியே ஒட்டாமலே அந்தப் பொருள் கிடைத்துவிடுகிறது.

எல்லை எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, அந்தந்தக் காலத்திலேயே செய்த மாற்றத்தையும் பிற்காலத்தில் செய்த மாற்றத்தையும் வேறு வேறாகவே வகைப்படுத்துகிறது. நாமும் அப்படியே கொள்ளலாம். 1960-களில் பந்தயத்துக்காக வெபர் கார்புரேட்டர் மாட்டியிருந்தால் அது சமகால மாற்றம். அந்த நிலைக்கே திருப்புவது மீட்டமைப்பு. பின்னால் வந்த தொழில்நுட்பத்தைச் சேர்த்தால்தான் மீட்டாக்கம்.

சிக்கலானவையும் உண்டு. 1973-இல் எம்ஜி நிறுவனமே எம்ஜிபியின் கூரையுள்ள வடிவமான எம்ஜிபி ஜிடியில் 3.5 லிட்டர் வி8 இன்ஜினைப் பொருத்தி விற்றது. அதே இன்ஜினை ஒருவர் 1965 காரில் பொருத்தினால்? அந்தக் குடும்பத்துக்குள்ளேயே கிடைத்த இன்ஜின்தான் என்றாலும், அந்தக் காருக்கு அது பிற்காலத்தது. மீட்டாக்கம் என்றே சொல்வேன். போர்ஷே 911-களில் வேலை செய்யும் சிங்கர் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் மூலக் கார் 964 தலைமுறை. வெளித்தோற்றமோ அதற்கும் முந்தைய 911-ஐ நினைவூட்டும்படி இருக்கும். தோற்றம் பின்னோக்கியும் இயந்திரம் முன்னோக்கியும் போகிறது. இங்கே மீட்பது அந்தக் குறிப்பிட்ட காருக்கு இருந்த உருவத்தை அல்ல என்பதால் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

> ‘மீளாக்கம்’ என்பதோடு குழம்பாதா?

நியாயமான கேள்வி. ஓரிரு எழுத்து வித்தியாசம்தான். ஆனால் மீளாக்கத்தை நாம் வேறு ஒன்றுக்கு ஒதுக்கிவிடலாம்: மூலக் கார் இல்லாமல், அச்சு அசலாகப் புதிதாகவே கட்டுவதற்கு. அப்போது நம்மிடம் நான்கு சொற்கள் இருக்கும். இருப்பதை அப்படியே காப்பது பேணல். இருந்த நிலைக்குக் கொண்டுவருவது மீட்டமைப்பு. மீட்டபின் பிற்கால நுட்பம் சேர்ப்பது மீட்டாக்கம். இல்லாததை மறுபடி கட்டுவது மீளாக்கம். ஆண்டுக்கணக்கில் கைபட்டு வெயில்பட்டு வரும் பழமையின் மெருகுக்கு, அதாவது பாட்டினாவுக்கு, ‘முதுமெருகு’ என்று வைக்கலாம் என்பது கூடுதல் பரிந்துரை.

கடைசியாக, எனக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்காத ஒன்று. மாற்றங்களிலேயே இரண்டு வகை இருக்கின்றன. ஆல்டர்நேட்டரைக் கழற்றி டைனமோவைத் திரும்ப மாட்ட ஒரு மதியம் போதும். 2017-இல் ஜாகுவார் காட்டிய மின்சார இ-டைப்பில் பேட்டரித் தொகுதியைப் பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினின் அளவுக்கே செய்திருந்தார்கள். வேண்டுமென்றால் பழைய இன்ஜினையே திரும்ப வைக்கலாம் என்பதற்காக. ஆனால் பெரிய இன்ஜினுக்காக ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் பயணிகளுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரை) வெட்டினாலோ, அகலச் சக்கரத்துக்காக மட்கார்டை அறுத்தாலோ அந்த உலோகம் திரும்பாது. மாற்றங்கள் திருப்பக்கூடியவையாக இருக்கட்டும், கழற்றிய மூலப் பாகங்கள் காரோடேயே இருக்கட்டும் என்பது ஃபீவாவின் டூரின் சாசனம் தரும் அறிவுரை. இப்போதைக்கு ‘கழற்று மாற்றம்’, ‘வெட்டு மாற்றம்’ என்று எழுதிவருகிறேன். பட்டறையில் சொன்னால் உடனே புரிகிறது. அகராதியில் நிற்குமா என்பதுதான் கேள்வி. இதைவிடப் பொருத்தமானது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.