புதுப்பிப்பு: ஸ்பர்ஷ் பென்ஷன், உயிர்வாழ் சான்று நிராகரிப்பு

முன்பு எழுதிய பதிவில், ஸ்பர்ஷ் எனும் பாதுகாப்புத் துறையின் இணையவழிப் பென்ஷன் அமைப்பில் உள்ள முன்னாள் படைவீரர்கள், ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டி எடுக்கும் முறையைச் சொல்லியிருந்தேன். "பிரமாண் ஐடி (சான்று உருவானதும் வரும் எண்) வந்தும் ஸ்பர்ஷில் ஏறவில்லை" என்று பலர் கேட்டதால் இந்தக் கூடுதல் குறிப்பு.

தவறு பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான். பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியபின் வங்கிக்குப் பணம் வந்து சேரும், அவ்வளவுதான். பட்டியலில் 'ஸ்பர்ஷ் - பி.சி.டி.ஏ. (பென்ஷன்ஸ்)' (பாதுகாப்புத் துறையின் பென்ஷன் கணக்கு அலுவலகம்) என்பதையே தொடவேண்டும். பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) எண்ணும் பழையதல்ல, ஸ்பர்ஷ் தந்த 12 இலக்க எண். ஆதாரிலும் பி.பி.ஓ.விலும் பெயர் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். 'முனுசாமி' ஒன்றில் 'முனிசாமி' ஆகியிருப்பது நம்மூரில் சகஜம்.

ஐடி வந்ததாலேயே ஏற்கப்பட்டதாக ஆகாது. சில நாள் கழித்து ஸ்பர்ஷில் நுழைந்து நிலையைப் பாருங்கள். நிராகரித்திருந்தால் திருத்திப் புதிதாக எடுக்கலாம். 80 வயது கடந்தவர்கள் வழக்கமாகச் சான்று கொடுக்கும் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.